உங்களைத் தடுப்பது எது? சுற்றித் திரிய ஒரு திறந்த உலக கேமைத் தேர்ந்தெடுப்பது

எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லித்தான் எல்லாத் திறந்த உலக கேம்களும் விற்கப்படுகின்றன. விளையாட உட்கார்ந்தால் கதை வேறாக இருக்கிறது. ஒன்றில் கண்ணில் படும் எந்தச் சிகரத்திலும் ஏறிவிட முடிகிறது. இன்னொன்றில் முழங்கால் உயர வேலி குறுக்கே வந்தாலே சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மேப் எத்தனை சதுர கிலோமீட்டர் என்ற கணக்கால் இந்த வித்தியாசம் புலப்படாது.

தேர்வு செய்யும்முன் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இந்த உலகில் என்னைத் தடுப்பது எது: பாறையா, எதிரியின் பலமா, கதையா, ஏதோ ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இருப்பதா? அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்வது யார்: என் கண்ணா, மேப்பில் முளைக்கும் ஐகானா? தடை இருப்பதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். தடையே இல்லாத உலகில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதில் சுவையும் இருக்காது. அந்தத் தடையை நம் சொந்த யோசனையால் தாண்டவோ சுற்றிப் போகவோ வழி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது.

நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் கையில் இருந்து, இதுவே முதல் திறந்த உலக கேம் என்றால் செல்டா வரிசையின் ப்ரெத் ஆஃப் த வைல்ட். பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஏதாவது ஒன்று இருந்து, அடிக்கடி சாவதைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் எல்டன் ரிங். சுற்றுவதைவிட மனிதர்களும் அவர்கள் கதைகளும் முக்கியமென்றால் தி விட்சர் 3. மாதத்துக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அவுட்டர் வைல்ட்ஸ். டியர்ஸ் ஆஃப் த கிங்டம் அருமையான கேம்தான், ஆனால் அதை முதலில் எடுக்க வேண்டாம். காரணங்கள் கீழே.

பாறையே தடை: ப்ரெத் ஆஃப் த வைல்ட்

2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச், வீ யூ இரண்டிலும் வந்தது. இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி, தயாரிப்பாளர் ஐஜி அவோநுமா. கதை தொடங்கும் கிரேட் பிளாட்டோ என்ற மேட்டுநிலம் நான்கு பக்கமும் செங்குத்தாக இறங்குவதால், அதைவிட்டு உயிரோடு வெளியேற வழியில்லை. அங்குள்ள நான்கு ஷ்ரைன்களை (சிறு புதிர்க் கோயில்களை) முடித்தால் வெடிகுண்டு, காந்தம், பொருளை உறையவைத்தல், நீரில் பனித்தூண் எழுப்புதல் ஆகிய நான்கு திறன்கள் சேரும். பிறகு அங்கே சந்திக்கும் கிழவர், காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடரைத் தருவார். முழு விளையாட்டுக்கும் தேவையான கருவிகள் அவ்வளவுதான். அந்த நிமிடமே கோட்டைக்குப் போய்க் கடைசி எதிரியான கேனனோடு மோதலாம், கேம் தடுக்காது. டிவைன் பீஸ்ட் எனப்படும் நான்கு பிரம்மாண்ட இயந்திர விலங்குகளை விடுவிக்காமல் போனால், அவற்றைப் பிடித்துவைத்திருந்த நான்கு பூதங்களோடும் கோட்டையிலேயே வரிசையாகச் சண்டையிட வேண்டும். விடுவித்துவிட்டுப் போனால் கேனனின் உயிரில் பாதி தொடக்கத்திலேயே போய்விடும். கதைக்குப் பூட்டுப் போடாமல், சண்டையின் கனத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் இந்த ஏற்பாடு இந்த வகை கேம்களிலேயே மிக நேர்த்தியான ஒன்று.

இங்கே தடை நிலப்பரப்புதான். மலை, குளிர், வெப்பம், மழை, இடி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு. பிளாட்டோவிலேயே பனிமலையைக் கடக்க மூன்று வழிகள்: மிளகாயைச் சமைத்துச் சாப்பிட்டுக் குளிரைத் தாங்கலாம், தீப்பந்தத்தை ஏந்திக்கொண்டு ஓடலாம், கிழவர் மறந்துபோன சமையல் குறிப்பைக் கண்டுபிடித்துச் சொல்லிக் கம்பளிச் சட்டை வாங்கலாம். கேம் எதையும் பரிந்துரைப்பதில்லை. மூன்றில் எது தோன்றுகிறதோ அதுவே சரியான விடை.

எங்கே போவது என்பதைக் கண் முடிவு செய்யும்படி இந்த நிலத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். 2017-இல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில் உருவாக்கியவர்களே இதை விளக்கினார்கள். குன்று, பாறை, மேடு எல்லாம் முக்கோண வடிவில் அமைந்திருக்கின்றன. முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறுவதா சுற்றுவதா என்று கேட்கும். ஏறி முடிந்ததும் மறைந்திருந்தது சட்டென்று தெரியும். கோபுரங்களும் அதற்கு ஏற்றபடிதான். மற்ற பல கேம்களில் கோபுரம் ஏறினால் மேப் முழுக்க ஐகான்கள் கொட்டும். இங்கே உள்ள 15 கோபுரங்களும் நிலவரைபடத்தை மட்டும் திறந்துவிடும். மேலே நின்று தொலைநோக்கியில் பார்த்து, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஷ்ரைனையோ விசித்திரமான பாறையையோ குறித்து மேப்பில் நீங்களே ஊசி குத்திக்கொள்ள வேண்டும். இதை முழுமையாக அனுபவிக்க செட்டிங்ஸில் திரைக்காட்சியைப் ‘ப்ரோ’ என்று மாற்றுங்கள். மினிமேப் மறையும், உயிர் அளவு மட்டும் நிற்கும். ஷ்ரைன் அருகில் வந்தால் ஒலிக்கும் சென்சாரையும் அணைத்துவிடலாம்.

முதல் பத்து மணி நேரத்தில் பலரும் இடறும் இடங்கள் சில. ஷ்ரைனை முடித்தால் கிடைக்கும் ஸ்பிரிட் ஆர்ப் நான்கு சேர்ந்தால் இதயமோ (உயிர் அளவு) ஸ்டாமினாவோ (ஏறவும் ஓடவும் தேவையான தெம்பு) ஒன்று கூட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று முறை ஸ்டாமினாவுக்கே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும் என்றாலும், பாதி மலையில் கை நழுவுவதை அந்தச் சிறிய பங்கே தடுக்கும். கேமின் புகழ்பெற்ற மாஸ்டர் வாளை எடுக்க 13 இதயங்கள் தேவை என்பதால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை. ஹட்டேனோ கிராமத்தில் உள்ள கொம்பு வைத்த சிலை, ஒருமுறைக்கு 20 ரூபி (கேமின் பணம்) நஷ்டத்தில் ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தரும்.

மழை பெய்தால் சில அடிக்கொருமுறை வழுக்கும், குதித்து ஏறினால் ஸ்டாமினா இன்னும் வேகமாகக் கரையும். நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் ஒதுங்கி, விறகும் தீக்கல்லும் வைத்து நெருப்பு மூட்டிக் காலைவரை உட்கார்வதுதான் செலவில்லாத வழி. வெட்டவெளியில் மழையில் நெருப்புப் பிடிக்காது. இடி இடித்தால் இரும்பு வாள், கேடயம், வில் மூன்றையும் கழற்றிவிடுங்கள். பொறி பறக்கத் தொடங்கினால் சில நொடிகள்தான் அவகாசம்.

ஆயுதம் உடைவதுதான் அதிகப் புகார் வரும் விஷயம். நல்ல வாளைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் இந்த கேமை வெறுத்துப் போகிறார்கள். கையில் இருப்பதை அடித்து உடைத்து, எதிரி கீழே போட்டதை எடுப்பது என்ற ஓட்டத்துக்கு வந்தால் அந்தப் பிரச்சினையே மறைந்துவிடும். உடையப்போகும் ஆயுதத்தை எறிந்தால் இரட்டிப்பு அடி விழும். கூடுதல் ஆயுதங்களைச் சுமக்க ஹெஸ்டு என்ற பாத்திரத்திடம், உலகெங்கும் ஒளித்துவைத்திருக்கும் கோரோக் விதைகளைக் கொடுக்க வேண்டும். மொத்தம் 900 விதைகள் இருக்கின்றன. பை முழுதாக விரிய 441 போதும். 900-ஐயும் தேடி அலையாதீர்கள். வழியில் கிடைக்கட்டும் என்றுதான் அத்தனை வைத்திருக்கிறார்கள்.

இந்த கேம் யாருக்கு ஒத்துவராது? செறிவான கதை வேண்டுவோருக்கும், நீண்ட, விதவிதமான நிலவறைகளை எதிர்பார்ப்போருக்கும். 120 ஷ்ரைன்களின் தோற்றம் ஏறத்தாழ ஒன்றுதான். எதிரி வகைகளும் குறைவு. நாற்பது மணி நேரத்துக்குப் பிறகு சண்டை சலிக்கும், நடை சலிக்காது.

எதிரியே தடை: எல்டன் ரிங்

2022 பிப்ரவரி 25 அன்று வந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்குநர் ஹிதெடாகா மியாசாகி. இங்கே பாறை ஏற முடியாது, பாராகிளைடர் கிடையாது, ஆழமான தண்ணீரில் விழுந்தால் சாவுதான். ப்ரெத் ஆஃப் த வைல்டை முடித்துவிட்டு நேராக இதற்கு வருபவர்கள் முதல் சில மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டது போல உணர்வார்கள். ஆனாலும் இது சுதந்திரமான கேம். அந்தச் சுதந்திரம் இருக்கும் இடம்தான் வேறு. எந்த வரிசையில் எங்கே போவது, யாரைக் கொல்லாமலே விடுவது என்பது ஏறத்தாழ முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

ஓர் உதாரணம். தலைநகரான லெயின்டெல்லுக்குள் நுழைய பெரிய எதிரிகளை வென்றால் கிடைக்கும் கிரேட் ரூன்கள் இரண்டு வேண்டும். எந்த இரண்டு என்று கேம் கட்டளையிடுவதில்லை. எல்லாரும் முதலில் மோதும் ஸ்டார்ம்வெயில் கோட்டையை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கவாட்டில் உள்ள உடைந்த பாதை வழியாக லியூர்னியா ஏரிப்பகுதிக்குப் போய்விடலாம். ஆல்டஸ் பீடபூமிக்கு ஏறும் பெரிய லிஃப்டுக்கு ஒரு பதக்கத்தின் இரண்டு பாதிகள் தேவை: ஒன்று தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் ஹைட் கோட்டையில், மற்றொன்று கேலிட்டில் உள்ள ஃபாரோத் கோட்டையில். இரண்டையும் சண்டையே போடாமல் குதிரையில் பறந்துபோய் எடுத்துவர முடியும். அதுவும் வேண்டாமென்றால் பள்ளத்தாக்கின் இடிபாடுகள் வழியே ஏறி, வழியை மறிக்கும் மாக்மா விர்ம் என்ற பெரும் நாகத்தைக் கொன்று மேலே போகலாம். ஒரே இடத்துக்குத் திருட்டு வழி ஒன்று, சண்டை வழி ஒன்று. தடையைச் சுற்றிப் போக இடம் விடுவது இதுதான்.

எங்கே போவது என்பதற்கு இங்கே இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. கிரேஸ் எனப்படும் ஓய்விடங்களிலிருந்து கிளம்பும் தங்க ஒளிக்கீற்று ஒன்று. மூடியிருக்கும் மேப்பிலும் தெரியும் சிறிய கல்தூண் அடையாளம் மற்றொன்று. அந்தத் தூணடியில் அந்தப் பகுதியின் மேப் துண்டு கிடைக்கும். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு ஒளிக்கீற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது. அது கதை இருக்கும் திசையைக் காட்டுகிறது, உங்கள் பலத்துக்கு ஏற்ற திசையைக் காட்டுவதில்லை. அதன் பின்னாலேயே போனால் மூன்றாவது நான்காவது மணி நேரத்தில், ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன் வழிமறிக்கும் மார்கிட்டிடம் அடிவாங்கிக்கொண்டிருப்பீர்கள். பலர் கேமைக் கைவிடும் இடமும் அதுதான்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். வெளியே வந்ததும் எதிரில் தெரியும் தங்கக் கவசக் குதிரைவீரனைத் தொடாமல் விலகிப் போங்கள். வெளியுலகில் மூன்று கிரேஸ்களில் ஓய்வெடுத்தால் மெலினா என்ற பெண் வந்து டாரென்ட் என்ற குதிரையை அழைக்கும் விசிலைத் தருவாள். குதிரை கிடைத்தபின் எல்லே தேவாலயத்துக்குத் திரும்பினால் ரென்னா என்ற சூனியக்காரி ஆவிகளை அழைக்கும் மணியையும் ஓநாய்ச் சாம்பலையும் கொடுப்பாள். அங்குள்ள மேசையிலேயே ஆயுதத்தை +3 வரை ஏற்றலாம். பிறகு தெற்கே பாலம் தாண்டி வீப்பிங் தீபகற்பத்துக்குப் போங்கள். அங்குள்ள மூன்று தேவாலயங்களில் மருந்துக் குடுவையின் வீரியத்தைக் கூட்டும் சேக்ரட் டியர் கிடைக்கும். லெவல் ஏற்றும்போது வேறெதையும் பார்க்காமல், உயிர் அளவைக் கூட்டும் விகரை 20-க்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவும் முடித்துவிட்டு மார்கிட்டிடம் போனால் அது வேறு சண்டையாக இருக்கும்.

செத்தால், லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவழிக்கும் ரூன்கள் அங்கேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் இன்னொருமுறை செத்தால் போயே போச்சு. ஆகவே தெரியாத இடத்துக்குள் நுழையும்முன் கையில் இருப்பதைச் செலவழித்துவிடுவது நல்லது. பள்ளத்தில் குதிக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் வானவில் கல்லைக் கீழே போடுங்கள். உடைந்து சிதறினால் குதிக்காதீர்கள். லிம்கிரேவின் ஏரியில் எரிந்துபோன இடிபாடுகளுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் கேலிட்டின் சுரங்கம் ஒன்றில் கொண்டுபோய்ப் போடும். சுரங்கத்துக்குள்ளிருந்து வேகப் பயணம் செய்ய முடியாது. அங்கே எதையும் அடிக்க நினைக்காமல் வாசலைத் தேடி ஓடுவது ஒன்றே வழி. வெளியே வந்து அந்தச் சிவந்த வானத்தைப் பார்க்கும்போது, உலகம் எவ்வளவு பெரிது என்பது முதல்முறையாக உறைக்கும். ஏமாற்றுப் பொறியையே ஒரு கண்டுபிடிப்பாக மாற்றியிருப்பது இந்த கேமின் சிறப்பு.

குறைகளும் கனமானவை. குவெஸ்ட் (முடிக்கவேண்டிய பணிகள்) பட்டியல் கிடையாது. யார் எங்கே போகச் சொன்னார்கள் என்று நீங்களே குறித்து வைக்கவேண்டும்; சந்தித்தவர்களின் இருப்பிடத்தை மேப்பில் காட்டும் வசதி 1.03 பேட்ச்சில்தான் வந்தது. சிறு நிலவறைகளும் அவற்றின் பாஸ்களும் (பெரிய எதிரிகளும்) திரும்பத் திரும்ப வரும். கடினத்தைக் குறைக்கும் செட்டிங் இல்லை. ஆட்டத்தை நிறுத்தி வைக்க வெளிப்படையான பொத்தானும் இல்லை. வீட்டில் அடிக்கடி எழுந்து போகவேண்டியவர்கள், சண்டை இல்லாத நேரத்தில் மெனுவுக்கு வெளியேறிவிடலாம். நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். பிசியில் குறைந்தது 12 ஜிபி ராமும் 60 ஜிபி இடமும் கேட்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையில் தடுமாறுபவர்கள் ஒன்றை மட்டும் யோசித்தால் போதும். தோற்றுப் பின்வாங்கும்போது எரிச்சல் வருமா, ‘சரி, வேறு பக்கம் பார்ப்போம்’ என்று தோன்றுமா? இரண்டாவது என்றால் எல்டன் ரிங் தரும் நிறைவை வேறெதுவும் தராது. ஒவ்வொரு மூலையிலும் கையால் செய்து வைத்த ஏதோ ஒன்று காத்திருக்கும். எரிச்சல்தான் வரும் என்றால் ப்ரெத் ஆஃப் த வைல்டை எடுங்கள். மூலையில் கிடைக்கும் பரிசு சிறியதாக இருக்கலாம், போகும் வழியே போதுமான பரிசு.

டியர்ஸ் ஆஃப் த கிங்டம்: ஏன் இரண்டாவதாக?

2023 மே 12-இல் வந்த இந்தத் தொடர்ச்சி அதே ஹைரூல் நிலத்துக்கு மேலே வானத் தீவுகளையும் கீழே இருண்ட பாதாளத்தையும் சேர்த்தது. பொருட்களை ஒட்டி வண்டி கட்டும் அல்ட்ராஹேண்ட், கூரையைத் துளைத்து மேலேறும் அசென்ட் ஆகியவை மலையேற்றத்தின் அர்த்தத்தையே மாற்றிவிடுகின்றன. இரண்டு மின்விசிறிகளையும் நடுவில் ஒரு ஸ்டியரிங்கையும் ஒட்டினால் பறக்கும் பைக் தயார். அதைக் கட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மழையும் பாறையும் உங்களைத் தடுப்பதில்லை. பேட்டரி மட்டும்தான் தடை. நூறு கிரிஸ்டலைஸ்டு சார்ஜுக்கு ஒரு கட்டம் என்று அதையும் நீட்டித்துக்கொண்டே போகலாம்.

கட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு இதைவிடச் சுதந்திரமான கேம் இல்லை. நடந்து, ஏறி, எட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு அந்த பைக் ஒரு இழப்பு. நிலத்தின் மேலே பறக்கும்போது நிலம் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் முதலில் பழைய கேமில் நடந்துவிட்டு இதற்கு வரவேண்டும். வரிசை மாறினால் பழையதில் ஏறுவது தண்டனையாகத் தெரியும்.

தொடங்குபவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை: வானத் தீவிலிருந்து இறங்கியதும் மனம்போன போக்கில் கிளம்பிவிடாதீர்கள். பாராகிளைடர் லுக்அவுட் லேண்டிங் முகாமில் பூரா என்ற பெண்ணிடம்தான் கிடைக்கும். அவளைப் பார்த்து, கோட்டைப் பக்கம் போய்ப் படைத்தலைவனிடம் பேசித் திரும்பினால் தருவாள். அது இல்லாமல் மணிக்கணக்கில் திரிபவர்கள் உண்டு; உயரத்திலிருந்து இறங்க முடியாமல் கேமே கோணலாகிப் போகும். பாதாளத்தில் இன்னொரு கணக்கு உதவும். அங்கே இருளை விலக்கும் 120 ஒளிவேர்களும் மேலே உள்ள நில ஷ்ரைன்களுக்கு நேர் கீழே இருக்கின்றன. மேலே ஷ்ரைன் தெரிந்த இடத்தை ஊசி குத்திவிட்டுக் கீழே அதே புள்ளிக்குப் போகலாம். கீழே வேர் தெரிந்தால் மேலே ஷ்ரைனைத் தேடலாம். இந்த இரட்டை மேப் தேடலுக்குத் தனி ருசி.

இரண்டு செல்டா கேம்களுக்கும் 2025 ஜூன் 5 முதல் ஸ்விட்ச் 2 பதிப்புகள் உண்டு. பழைய ஸ்விட்ச்சில் நொடிக்கு 30 பிரேமில் ஓடுபவை அதில் 60-இல் ஓடுகின்றன. ஏற்கெனவே கேம் வைத்திருப்பவர்கள் மேம்படுத்தும் தொகுப்பை மட்டும் வாங்கினால் போதும்.

கதையே தடை: தி விட்சர் 3

2015 மே 19-இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்டது. வைட் ஆர்ச்சர்ட், வெலென், நோவிகிராட், ஸ்கெல்லிகே என்று உலகம் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் துண்டில் கதையை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஸ்கெல்லிகேவுக்குக் கப்பலேற 1000 கிரவுன் கட்ட வேண்டும், லெவல் 16 பரிந்துரை. உங்களைவிட மிக உயர்ந்த லெவல் எதிரியின் தலைமேல் சிவப்பு மண்டையோடு தெரியும். எல்டன் ரிங்கைப் போல சாமர்த்தியத்தால் அவனை வெல்வது பெரும்பாடு. இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழுந்தாலே, கூலிக்கு மிருகங்களை வேட்டையாடும் நாயகன் ஜெரால்ட் செத்துவிடுவான். நிலத்தோடு விளையாடும் சுதந்திரம் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் இதுவே கடைசி.

இதன் சுதந்திரம் முடிவுகளில் இருக்கிறது. வெலெனின் விஸ்பரிங் ஹில்லாக் என்ற குன்றுக்குக் கதை உங்களை அனுப்பும் முன்பே நீங்களாகச் சுற்றிப் போய், அங்கே சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா அழிப்பதா என்று முடிவெடுத்துவிடலாம். பின்னால் கதை அங்கே வரும்போது நீங்கள் செய்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பலகையில் அறிவிப்பைப் படிப்பதற்கு முன்பே ஒரு மிருகத்தைக் கொன்றிருந்தால், பிறகு போய்க் கூலி கேட்கலாம். ஊர் சுற்றியவனை மதிக்கும் எழுத்து இது.

கெடுப்பது மேப்தான். கேள்விக்குறிகள் மேப்பெங்கும் நிறைந்திருக்கும். ஸ்கெல்லிகேவின் கடலில் மிதப்பவை பெரும்பாலும் கடத்தல்காரர்களின் சரக்குப் பெட்டிகள். படகில் போய், பறக்கும் சைரன்களோடு சண்டையிட்டு, விற்கவேண்டிய சாமான்களைச் சுமந்துகொண்டு வருவதைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவற்றை முடித்தே தீருவேன் என்று இறங்கியவர்கள்தான் இந்த கேமைப் பாதியில் விட்டவர்கள். மேப்பில் கேள்விக்குறிகளை மறைத்துவிடுங்கள். மினிமேப்பின் புள்ளிக்கோட்டையும் அணையுங்கள். 2022 டிசம்பர் 14-இல் வந்த பெரிய அப்டேட்டில், சண்டையோ (தடயங்களைக் காட்டும்) விட்சர் பார்வையோ இல்லாத நேரத்தில் மினிமேப் தானாக மறையும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதை இயக்கிவிட்டுச் சாலைக் கைகாட்டிகளைப் பார்த்துக் குதிரையோட்டினால் வெலென் வேறு ஊராகத் தெரியும். பழைய பிசி என்றால் தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். 12-இல் திக்கித் திக்கி ஓடும்.

குவெஸ்ட்டுகளை அதிகம் தள்ளிப்போடவும் வேண்டாம். உங்கள் லெவலைவிட ஆறு லெவல் பின்தங்கிய குவெஸ்ட் சாம்பல் நிறமாகி, அனுபவப் புள்ளி அற்பமாகக் கிடைக்கும்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் உலகம் இவை எல்லாவற்றையும்விட உயிருள்ளது. வேட்டை, வானிலை, வழிப்போக்கர்கள் என எதிலும் குறையில்லை. மிஷன் தொடங்கியதும் அந்த உலகம் சுருங்கிவிடும்: சொன்ன பாதையைவிட்டு விலகினால் மிஷன் தோல்வி. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த கேமின் பனிமலை அத்தியாயமே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஓடும், அதில் திறந்த உலகம் கண்ணில் படாது. ஆகவே இதை ஓட்டிப்பார்த்து முடிவு செய்ய முடியாது. முன்பே தீர்மானித்து வாங்கவேண்டும். வட்டில் 150 ஜிபி காலி இடமும் வேண்டும்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் போகவேண்டிய திசைக்குக் காற்று வீசும், நரியும் மஞ்சள் பறவையும் வழிகாட்டும். அழகான யோசனை. கண்டுபிடிப்பவை மட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. களைத்து வந்து இளைப்பாற விளையாடுபவர்களுக்கு ஏற்றது.

அறியாமையே தடை: அவுட்டர் வைல்ட்ஸ்

2019 மே 28-இல் வந்த சிறிய கேம். அலெக்ஸ் பீச்சம் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. பதினைந்து முதல் இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சிறு சூரியக் குடும்பம், ஒரு விண்கலம், 22 நிமிடங்களில் முடிந்து மீண்டும் தொடங்கும் காலச் சுழல். லெவல் இல்லை, ஆயுதம் இல்லை, மேம்படுத்தல் இல்லை. வானாய்வகத்தில் ஏவுகுறியீட்டை வாங்கிக் கலத்தில் ஏறினால் எல்லாக் கோள்களும் முதல் நிமிடத்திலிருந்தே திறந்திருக்கும். ஒரு கதவைத் திறக்க முடியவில்லை என்றால் காரணம் ஒன்றுதான்: அதை எப்படித் திறப்பது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு, தொடக்கத்திலிருந்தே திறக்க முடிந்திருக்கும் என்பதும் தெரியும். சுதந்திரம் என்ற வார்த்தைக்கு இந்தப் பட்டியலிலேயே முழு விசுவாசமாக இருப்பது இதுதான். ஸ்டீமின் இரண்டு மணி நேரத்தில் இது பிடிக்குமா பிடிக்காதா என்றும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஆட்டோபைலட்டை நம்பும்போது, இலக்குக்கும் உங்களுக்கும் நடுவில் சூரியன் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது நேர்கோட்டில் போகும், வழியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. தரையிறங்கும்போது கீழ்நோக்கும் கேமராவை வைத்து வேகத்தை முன்னதாகவே குறையுங்கள். ஒரு சுழலில் ஒரே கோளை மட்டும் பாருங்கள், 22 நிமிடம் இரண்டுக்குப் போதாது. வழி தெரியாமல் நின்றால் இணையத்தில் விடை தேடாதீர்கள், ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்தக் கதவு உங்களுக்கு என்றைக்கும் கெட்டுப்போகும். கலத்தின் பின்புறம் உள்ள பதிவேட்டைத் திறந்து, துப்புகளை நூல்களால் இணைக்கும் காட்சிக்குப் போங்கள். இங்கே பார்க்க இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஆரஞ்சுக் குறி காட்டும் இடத்துக்கு அடுத்த சுழலில் கிளம்புங்கள். சுழல் முடியக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஜயன்ட்ஸ் டீப் கோளில் ஊஞ்சல் படுக்கையில் கிடக்கும் கேப்ரோவிடம் பேசுங்கள். தியானம் செய்யக் கற்றுத் தருவான், அதன்பின் எந்த நிமிடத்திலும் அடுத்த சுழலுக்குத் தாவலாம்.